நீண்ட தூர .22 ரைஃபிளுக்கு எடை குறைந்த ஸ்கோப்: எதை வாங்கலாம்?

அமெரிக்காவில் ரிம்ஃபயர் (.22 போன்ற சிறிய தோட்டா) போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்க அதிகம் திணறுவதில்லை. ரூகர் 10/22, சிசெட் 457, டிக்கா டி1எக்ஸ் என்று நாலைந்து பெயர்களுக்குள் பேச்சு முடிந்துவிடும். ஸ்கோப் என்று வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவர் பன்னிரண்டு வயது மகளுக்காகக் கேட்டார்: எடை குறைவாக இருக்க வேண்டும், 200 கெஜம் வரை சுட முடிய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இதே மூன்று நிபந்தனைகளோடு வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றும் ஒரே ஸ்கோப்பில் கிடைப்பது அரிது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிய உருப்பெருக்கத்தை விட்டுக்கொடுங்கள். கிட்டத்துப் பொருளுக்கும் பேரலாக்ஸ் (கண் விலகுவதால் வரும் குறிப்பிழை) திருத்தும் வசதியையும், டரெட்டின் (குறியை ஏற்றி இறக்கும் குமிழ்) ஏற்ற வீச்சையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

.22-க்கு எது நீண்ட தூரம்?

சென்டர்ஃபயர் ரைஃபிள் (பெரிய, வேகமான தோட்டா) வைத்திருப்பவருக்கு 200 கெஜம் ஒரு தூரமே இல்லை. .22 எல்ஆருக்கு (லாங் ரைஃபிள், .22-இன் வழக்கமான தோட்டா) அது நிஜமாகவே நீண்ட தூரம். வழக்கமான 40 கிரெய்ன் (2.6 கிராம்) போட்டித் தோட்டா குழலை விட்டு வினாடிக்கு சுமார் 1,070 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. குழலை விட்டதுமே விழத் தொடங்கிவிடும்.

50 கெஜத்தில் ஜீரோ செய்த, அதாவது அங்கே குறியும் குண்டும் ஒன்றுசேரும்படி அமைத்த ரைஃபிள் என்று வைத்துக்கொள்வோம். 100 கெஜத்துக்கு ஏறக்குறைய 2 மில் ஏற்ற வேண்டும். 150-க்கு நாலரை, 200-க்கு ஏழுக்கு மேல், 300-க்கு பதின்மூன்று பதினான்கு மில். ஒரு மில் என்ற கோண அளவு 100 கெஜத்தில் 3.6 அங்குலம். அப்படியானால் 200 கெஜத்தில் குண்டு நான்கடிக்கு மேல் தாழ்ந்து போகிறது. உங்கள் தோட்டாவுக்கும் குழலுக்கும் ஏற்ப இந்த எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் பெரிதாக மாறாது.

இன்னொரு பக்கம், போட்டிகள் தூரத்தோடு நிற்பதில்லை. என்ஆர்எல்22 என்ற அமெரிக்க ரிம்ஃபயர் அமைப்பின் மாதாந்திரப் போட்டிகளில் இலக்குகள் 100 கெஜத்துக்குள்தான் இருக்கும். ஒரே கட்டத்தில் கிட்டத்து இலக்கையும் கடைசி இலக்கையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டி வரும். 200, 300 கெஜம் என்பது நீண்ட தூர ரிம்ஃபயர் போட்டிகளிலும் சொந்தப் பயிற்சியிலும் வருவது. ஆக .22 ஸ்கோப்புக்கு இரண்டு முனைகளிலும் வேலை இருக்கிறது.

இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கு இடமில்லை, துளைக்குறிதான். இந்தக் கட்டுரை அந்த ஆட்டத்துக்கானது அல்ல.

எதை வைத்து எடைபோடுவது?

*பேரலாக்ஸ்.* பலரும் கடைசியாகப் பார்ப்பது இதைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஸ்கோப்பின் நடுவிலிருந்து கண் கொஞ்சம் விலகினால், ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு) இலக்கின் மேல் நகர்ந்ததுபோல் தெரியும். வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 100 அல்லது 150 கெஜத்துக்கு இதைத் திருத்தி மூடிவிடுவார்கள். ரிம்ஃபயர் என்று விற்கும் ஸ்கோப்புகளில் 50 அல்லது 60 கெஜம்.

இதனால் வரும் அதிகபட்சப் பிழையைக் கணக்கிடுவது எளிது: முன் லென்ஸின் விட்டத்தில் பாதியை எடுத்து, இலக்கின் தூரத்துக்கும் திருத்திய தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, திருத்திய தூரத்தால் வகுத்தால் போதும். 150 கெஜத்துக்குத் திருத்திய 40 மி.மீ. ஸ்கோப்பில் 50 கெஜ இலக்கைப் பார்த்தால் பிழை 13 மி.மீ. வரை போகும். என்ஆர்எல்22-இல் 'கேஒய்எல்' என்று படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒரு தட்டு வரிசை வைப்பார்கள். அதில் கடைசித் தட்டு கால் அங்குலம், அதாவது 6 மி.மீ.தான். தட்டே 6 மி.மீ., பிழை 13 மி.மீ. என்றால் எப்படி அடிப்பது?

சரி, 60 கெஜத்துக்குத் திருத்திய 33 மி.மீ. ஸ்கோப்? கிட்டத்தில் பிரமாதம். 200 கெஜத்துக்குப் போனால் பிழை 38 மி.மீ. வரை, ஒன்றரை அங்குலம். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இதில் பெரும்பகுதி குறைந்துவிடும். படுத்துச் சுடும்போது அது நடக்கும். தடுப்புப் பலகையில் ரைஃபிளை வைத்து முழங்காலிட்டுச் சுடும் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

*ஏற்ற வீச்சு.* டரெட்டைக் கீழிருந்து மேல் வரை மொத்தம் எவ்வளவு திருப்ப முடியும் என்பது. சமமான ரெயிலில் (ரைஃபிள் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) பொருத்தினால் இதில் பாதிதான் ஏற்றத்துக்குக் கிடைக்கும். 1 அங்குலக் குழாய் ஸ்கோப்பில் மொத்த வீச்சு 60 எம்ஓஏ (இன்னொரு கோண அளவு, 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓரங்குலம்) என்றால் அது பதினேழரை மில். பாதி எட்டே முக்கால். 200 கெஜம் போய்ச் சேரலாம், 300 முடியாது. 20 எம்ஓஏ சாய்வுள்ள ரெயில் போட்டால் கூடுதலாக 5.8 மில் கிடைக்கும். மொத்தம் பதினான்கரை, 300-க்கும் மயிரிழையில் எட்டும். ஒரு நல்ல ரெயில் ஒரு நல்ல ஸ்கோப்பின் வேலையைப் பாதி செய்துவிடும்.

*ரெட்டிகிள்.* கட்டத்தில் நேரம் ஓடும்போது டரெட்டைத் திருப்பாமல் ரெட்டிகிளில் உள்ள கோடுகளை வைத்தே ஏற்றிப் பிடிப்பவர்கள் அதிகம். முதல் குவியத் தளத்தில் ரெட்டிகிள் இருந்தால் எந்த உருப்பெருக்கத்திலும் அந்தக் கோடுகளின் அளவு பொருந்தும். இரண்டாம் தளம் என்றால் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் பொருந்தும், பெரும்பாலும் உச்சத்தில். எப்போதும் உச்சத்திலேயே சுடுவீர்கள் என்றால் இது பிரச்சினை இல்லை.

*எடை.* .22-இல் பின்னுதைப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பெரிய ரைஃபிள்களில் கனமான ஸ்கோப் உதையைக் கொஞ்சம் உள்வாங்கும், இங்கே அந்தப் பலனும் இல்லை. சாதாரண ரூகர் 10/22 கார்பைன் சுமார் 2.27 கிலோ. அதன் தலையில் 1.1 கிலோ ஸ்கோப்பையும் அதைப் பிடிக்கும் 200 கிராம் ரிங்கையும் ஏற்றினால் ரைஃபிளின் எடையில் பாதிக்கும் மேல் அதன் முதுகில் உட்கார்கிறது.

தூக்கிச் சுமப்பதைவிட பெரிய தொல்லை, ரைஃபிள் பக்கவாட்டில் சாய்வது. எடை குழலுக்கு மேலே உயரத்தில் இருந்தால் பையின் மேல் வைத்த ரைஃபிள் ஒரு பக்கம் உருளப் பார்க்கும். 200 கெஜத்தில் வெறும் இரண்டு டிகிரி சாய்ந்தால் குண்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போகும். சுடுகிறவர் அதைக் காற்று என்று நினைத்துக்கொண்டு திருத்தத் தொடங்குவார். அங்கிருந்து குழப்பம்தான்.

1. முந்நூறு கிராம் ரிம்ஃபயர் ஸ்கோப்

லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 2-7×33 ரிம்ஃபயர் (2-7 உருப்பெருக்கம், 33 முன் லென்ஸின் மி.மீ. விட்டம்) மாதிரியானவை. எடை சுமார் 315 கிராம், பேரலாக்ஸ் 60 கெஜத்தில் நிலையாக வைத்தது. கையில் எடுத்தால் ஸ்கோப் இருப்பதே தெரியாது. அணில் வேட்டைக்கும், 25 முதல் 100 கெஜம் வரை டப்பா, தட்டு சுடுவதற்கும் இதைவிட நிம்மதியான ஸ்கோப் வேண்டியதில்லை. நீண்ட தூரம் என்றால் இதோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். ரெட்டிகிளில் போதுமான கோடுகள் இருக்காது, டரெட் மூடியிட்டு இருக்கும், 7 மடங்கில் 200 கெஜத்துத் தட்டின் விளிம்பு சரியாகத் தெரியாது.

இதே குடும்பத்தில் 3-9×33 இஎஃப்ஆர் (குவியத் தூர வீச்சு கூடியது) என்று ஒன்று உண்டு. எடை 350 கிராம் வாக்கில், பேரலாக்ஸை 10 மீட்டர் வரை இறக்கலாம். எடைதான் முக்கியம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். 20 எம்ஓஏ ரெயில் போட்டு, டரெட்டைத் திருப்பிச் சுடப் பழகினால் 200 கெஜம் நியாயமாகவே எட்டும்.

2. நிலையான 10×42

உருப்பெருக்கத்தை மாற்றும் வளையமே இல்லாத ஸ்கோப்பை இன்று யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். எஸ்டபிள்யூஎஃப்ஏ எஸ்எஸ் 10×42 பல வருடங்களாக .22 ஆட்களுக்குப் பிடித்த ஸ்கோப். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 30 மி.மீ. குழாய், பேரலாக்ஸ் 10 கெஜம் வரை இறங்கும், ஏற்ற வீச்சு தாராளம். சாய்வு ரெயில் போட்டால் 300 கெஜம் என்பது ஒரு கேள்வியே இல்லை. உருப்பெருக்கம் மாறாததால் ரெட்டிகிள் கோடுகளின் அளவும் மாறாது. குவியத் தளம் பற்றிய தலைவலி போயே போயிற்று.

குறை என்றால் 25 கெஜத்தில் பார்வை வட்டம் இரண்டரை மூன்றடிதான். இலக்கைத் தேடப் பழக்கம் வேண்டும். காடு மேடு சுற்றி ஓடும் முயலைச் சுடுவதற்கு இது வேண்டாம். தட்டுகளுக்கு அருமை. 42-ஐ 10-ஆல் வகுத்தால் வெளிவரும் ஒளிவட்டம் 4.2 மி.மீ., தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கறுத்துப் போகாது. பழகாத கண்ணுக்கு இது பெரிய உதவி.

3. நடுத்தர 4-16×44

வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் டாக்டிகல் 4-16×44-ஐ உதாரணமாக வைத்துக்கொள்வோம். 655 கிராம், 30 மி.மீ. குழாய், முதல் குவியத் தளம், பக்கவாட்டில் பேரலாக்ஸ் குமிழ். இதன் அண்ணன் 6-24×50-ஐத்தான் பலர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விலையில் சிறிய வித்தியாசம், 24 மடங்கு கிடைக்கிறதே என்று தோன்றும். எடையிலும் 40 கிராம்தான் கூடுதல். ஆனால் ஏற்ற வீச்சைப் பாருங்கள்: சிறியதில் 85 எம்ஓஏ, பெரியதில் 65. .22-க்கு அந்த 20 எம்ஓஏ ஒரு சாய்வு ரெயிலுக்குச் சமமான வித்தியாசம்.

அப்புறம் அந்த 24 மடங்கு. 25 கெஜத்தில் அதில் தெரிவது ஓரடிக்கும் சற்று அதிகமான வட்டம். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போவதற்குள் எங்கே பார்க்கிறோம் என்பதே மறந்துவிடும். ஒளிவட்டமும் 2.1 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். தடுப்புப் பலகையில் சுடும் அனுபவசாலிகளைக் கவனித்தால் தெரியும், எத்தனை மடங்கு ஸ்கோப் வைத்திருந்தாலும் பத்து பன்னிரண்டில் இறக்கி வைத்துத்தான் சுடுவார்கள். பயன்படுத்தாத உருப்பெருக்கத்துக்காக வீச்சை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காகித இலக்கில் குழு (குண்டுகள் விழுந்த இடங்களின் நெருக்கம்) அளப்பதுதான் முக்கியம் என்றால் 6-24 வாங்குங்கள், அங்கே அது தன் விலைக்கு உழைக்கும்.

இந்த வகையின் குறை ஒன்று: இந்த விலைக்கு டரெட்டில் ஜீரோவில் நிறுத்தும் தடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 200 கெஜத்துக்கு ஏற்றிவிட்டு இறக்கும்போது ஒரு முழுச் சுற்று தவறிப்போகும் அபாயம் உண்டு. டரெட்டின் கீழ்க்கோட்டில் எத்தனையாவது சுற்று என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. விலை உயர்ந்த எடைக் குறைப்பு

வோர்டெக்ஸ் ரேஸர் எல்எச்டி 4.5-22×50 சுமார் 615 கிராம். ஜப்பானில் நாகானோ மாகாணத்தில் தயாராகும் மார்ச் 3-24×42 ஏறக்குறைய 625 கிராம், பேரலாக்ஸ் 10 கெஜம் வரை. கண்ணாடியின் தெளிவு, டரெட்டின் நேர்த்தி எல்லாம் முதல் தரம். ஒரே ரைஃபிளை மலைவேட்டைக்கும் போட்டிக்கும் கொண்டு போகிறவர், அல்லது இதே ஸ்கோப்பைக் கழற்றிச் சென்டர்ஃபயரிலும் மாட்டுகிறவர் வாங்கலாம். .22-க்கு மட்டும் என்றால் மூன்றாம் வகையைவிட 30, 40 கிராம் குறைக்கப் பல மடங்கு பணம் போகிறது. மீதிப் பணத்துக்கு நல்ல தோட்டா வாங்குவது புத்திசாலித்தனம்.

5. கனமானவை

ஆர்கென் இபி5 5-25×56 போன்றவை 1.1 கிலோ. விலைக்கு இவ்வளவு வசதிகள் தருவதால் நிறைய பேர் வாங்குகிறார்கள். ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள போட்டி ரைஃபிளுக்கு நல்ல ஸ்கோப். எடை குறைந்த ரைஃபிளுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

| வகை | எடை | பேரலாக்ஸ் | 200 கெஜம் | 300 கெஜம் | விலை |
|---|---|---|---|---|---|
| 2-7×33 ரிம்ஃபயர் | சு. 315 கிராம் | 60 கெஜம், நிலையானது | சிரமம் | இல்லை | குறைவு |
| 3-9×33 இஎஃப்ஆர் | சு. 350 கிராம் | 10 மீட்டரிலிருந்து | சாய்வு ரெயிலோடு | இல்லை | நடுத்தரம் |
| நிலையான 10×42 | சு. 560 கிராம் | 10 கெஜத்திலிருந்து | எளிது | எளிது | நடுத்தரம் |
| 4-16×44 | 655 கிராம் | திருத்தலாம் | எளிது | சாய்வு ரெயிலோடு | நடுத்தரம் |
| எல்எச்டி / மார்ச் | 615-625 கிராம் | திருத்தலாம் | எளிது | சாய்வு ரெயிலோடு | மிக அதிகம் |
| 5-25×56 | சு. 1.1 கிலோ | திருத்தலாம் | எளிது | எளிது | நடுத்தரம் |

பில்லில் தெரியாத செலவுகள்

ரெயில் முதலில். சிசெட் 457-இல் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் என்ற பள்ளம். 30 மி.மீ. ரிங் மாட்ட, அதற்கேற்ற ரிங்கையோ சாய்வு ரெயிலையோ தனியாக வாங்க வேண்டும். முன் லென்ஸ் 50, 56 என்று பெரிதானால் உயரமான ரிங் தேவைப்படும். ரிங் உயர்ந்தால் கன்னம் கட்டையில் படாது, கன்னத்தாங்கி வாங்க வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக இருநூறு முந்நூறு கிராமும் கொஞ்சம் டாலர்களும் சேர்ந்துவிடும். 33 அல்லது 42 மி.மீ. லென்ஸ் எடுத்தால் தாழ்வான ரிங்கிலேயே வேலை முடியும். ஸ்கோப்பின் எடையை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள். ஸ்கோப், ரிங், ரெயில், கன்னத்தாங்கி நான்கையும் கூட்டிப் பாருங்கள்.

பெரிய செலவு தோட்டா. ஒரே பெட்டியிலுள்ள தோட்டாக்களுக்குள் வேகம் வினாடிக்கு 30 அடி வேறுபட்டால், 200 கெஜத்தில் மூன்று நான்கு அங்குலம் மேலும் கீழுமாகப் போகும். எந்த ஸ்கோப்பாலும் இதைத் திருத்த முடியாது. எஸ்கே, லபுவா, ஈலி போன்ற போட்டித் தோட்டாக்களில் உங்கள் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று சோதித்துப் பார்க்கவே ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் கால் பங்கையாவது இதற்கு எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, வீட்டில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இருந்து ஸ்கோப்பை அதற்கும் மாற்றி மாட்டும் எண்ணம் இருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகைத் துப்பாக்கியின் அதிர்வு இரண்டு பக்கமும் அடிக்கும். .22-இல் காலம் முழுக்க உழைக்கும் ஸ்கோப் அதில் சீக்கிரம் தளர்ந்துவிடலாம்.

யாருக்கு எது?

நண்பரின் மகளுக்கு நான் சொன்னது நிலையான 10×42, கிடைக்காவிட்டால் 4-16×44, கூடவே 20 எம்ஓஏ ரெயில். என்ஆர்எல்22-இல் சிறுவர்களுக்கு 'யங் கன்ஸ்' என்று தனிப் பிரிவு உண்டு. அங்கே பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் குறி தவறுவதால் அல்ல, இலக்கைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுவதால். 24 மடங்கைவிட அகலமான பார்வை வட்டமும் தாராளமான ஒளிவட்டமும் அவர்களுக்கு எடையைவிட முக்கியம் என்றே சொல்வேன். கையில் தூக்கி நின்று சுட வேண்டிய வயதில் இன்னும் சிறிய பிள்ளை என்றால் 3-9×33-க்கு இறங்குங்கள், 200 கெஜம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேட்டைக்கு நடந்து போகிறவர், 100 கெஜத்தைத் தாண்டாதவர்: 2-7×33. பெஞ்சிலிருந்து காகித இலக்கு: 6-24. கனமான ரைஃபிள், 300 கெஜம்தான் குறி என்றால் எடையை மறந்துவிட்டு வீச்சு அதிகமுள்ளதை எடுங்கள்.

எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 50 கெஜத்து இலக்கை நோக்கிப் பையில் அசையாமல் வையுங்கள். ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் இடமும் வலமுமாக மெல்ல நகர்த்துங்கள். பேரலாக்ஸ் குமிழைச் சரியாக வைத்த பிறகும் ரெட்டிகிள் இலக்கின் மேல் நடமாடினால் அந்த ஸ்கோப் வேண்டாம். குமிழில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம், ரெட்டிகிள் அசையாமல் நிற்கும் இடம்தான் சரியான இடம்.

அடுத்து, உயரமான காகிதத்தில் தூக்குக்குண்டு நூல் வைத்து நேராக ஒரு கோடு வரைந்து, 50 கெஜத்தில் கட்டுங்கள். அடியில் ஒரு புள்ளியைக் குறிவைத்து ஐந்து தோட்டா. அதே புள்ளியைக் குறிவைத்தபடி டரெட்டை 10 மில் ஏற்றி இன்னொரு ஐந்து. இரண்டு குழுக்களுக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும், இரண்டும் கோட்டின் மேலேயே விழ வேண்டும். தூரம் குறைந்தால் டரெட் சரியாக ஏறவில்லை. கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் ரிங்கில் சாய்வாக உட்கார்ந்திருக்கலாம், தளர்த்தி நேராக்கிவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.